பழைய பிக்கப்பை விற்கப் போகிறீர்களா?

யேர்மனியில் ஒரு வாகனத்துக்கு 30 வயது முடிந்தால் அதற்குச் சட்டத்திலேயே தனி மரியாதை உண்டு. முதன்முதல் வீதிக்கு வந்து 30 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், பெரும்பாலும் பிறந்தபடியே இருக்க வேண்டும், நல்ல நிலையில் பேணப்பட்டிருக்க வேண்டும். அப்படியான வாகனத்தை நாட்டின் தொழில்நுட்பப் பண்பாட்டுச் சொத்து என்று கணக்கில் எடுத்து, இலக்கத்தகட்டின் முடிவில் ‘எச்’ என்ற எழுத்தைப் போட்டுக் கொடுக்கிறார்கள். 1997 ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ‘ஹிஸ்டோறிஷ்’, அதாவது வரலாற்றுக்குரியது என்பதன் முதலெழுத்து அது. மனிதருக்கு இப்படி ஓர் எழுத்துக் கொடுக்கிறார்கள் இல்லையே என்று எமது பெரியவர்கள் பகிடி விடுவார்கள்.

ஆனால் எம்மவர் வீட்டு முற்றங்களில் நிற்கும் பழைய வாகனங்கள் பெரும்பாலும் இந்த மரியாதைக்கு வெளியே நிற்பவை. நூதனசாலைக்குப் போகும் அளவுக்கு அழகில்லை, இரும்புக்குப் போடும் அளவுக்குப் பழுதுமில்லை. காலையில் திறப்பைத் திருப்பினால் இருமி இருமி என்றாலும் இயங்கும். கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை, கோயில் திருவிழாச் சாமான் என்று எதையும் ஏற்றிப் பறிக்கும். இப்படியானதொரு வாகனத்தை விற்பதுதான் மிகவும் சிக்கலானது. புதிய காரை விற்பவருக்குச் சொல்ல அதிகம் இருக்காது. கரடுமுரடான, ஆனால் பயன்படக்கூடிய வாகனத்தை விற்பவருக்கு அதைப் பற்றி எந்தச் சொல்லை எழுதுவது என்பதிலேயே காசும் இருக்கிறது, வழக்கும் இருக்கிறது. புதிதாக இந்த நாட்டுக்கு வந்திருக்கும் குடும்பங்களும் நாளை ஒரு பழைய வாகனத்தை வாங்கத்தான் போகிறீர்கள், பிறகு விற்கத்தான் போகிறீர்கள். ஆகையால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூனிக் நகரத்துக்கு வடக்கே உள்ள கார்ஹிங்கை உங்களிற் பலர் அறிவீர்கள். யேர்மனியின் முதலாவது ஆராய்ச்சி அணு உலை 1957 இல் இயங்கத் தொடங்கிய இடம். முட்டை வடிவில் இருந்ததால் அதை ‘அணு முட்டை’ என்றே இங்குள்ளவர்கள் அழைத்தார்கள். பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களுமாக உலகம் முழுவதிலிருந்தும் படித்தவர்கள் வந்து போகும் ஊர். இந்த ஊரில் நீண்ட காலமாக வசிக்கும் எமது அன்பர் ஒருவர் தனது பிக்கப்பை விற்க முடிவுசெய்தபோது, மொழிபெயர்ப்பு உதவிக்காக என்னையும் கூப்பிட்டிருந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அண்ணை என்றே சொல்கிறேன்.

அண்ணையின் வாகனம் வொல்க்ஸ்வாகன் ட்றான்ஸ்போட்டரின் மூன்றாம் தலைமுறை. 1979 முதல் 1990 வரை ஹனோவர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட வகை. என்ஜின் பின்பக்கம், அதற்கு மேலே தட்டையான சாமான் மேடை, மேடைக்குக் கீழே பூட்டக்கூடிய ஒரு பெட்டி. இதன் பூட்டன் 1952 இல் வந்தது. முதலாவது ட்றான்ஸ்போட்டர் வந்து இரண்டு வருடங்களில் அதன் கூரையை வெட்டி மேடையாக்கியதுதான் இந்த இனத்தின் தொடக்கம். அண்ணையின் வாகனத்தில் 1.6 லீற்றர் டீசல் என்ஜின், 50 குதிரைவலு. ஒட்டோபானில் பின்னால் வருபவர்கள் விளக்கடித்துத் திட்டும் வேகம்தான். ஆனால் ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் சுமக்கும். கட்டட வேலைக்காரர் ஒருவரிடம் 1999 இல் வாங்கியது. இஸ்மனிங், உன்டர்ஷ்லைஸ்ஹைம், ஃபிறைசிங் என்று சுற்றுவட்டாரத்தில் எம்மவர் வீடு மாறிய நாட்களிலெல்லாம் இந்த மேடைதான் பாரம் சுமந்தது.

இப்போது அண்ணைக்கு இரவில் கண் சரியாகத் தெரிவதில்லை. மகன் இரும்புக்குப் போடச் சொன்னான். அதுவும் ஒரு வழிதான். உற்பத்தி நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கும் இடத்தில் முழுமையான பழைய வாகனத்தைச் செலவில்லாமல் ஒப்படைக்கலாம், ஒப்படைத்ததற்கு அத்தாட்சிக் கடிதமும் தருவார்கள். ஆனால் அண்ணைக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. அந்தப் பொருளாதாரத் தடைக் காலத்தில் எமது மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு என்ஜினை உதைத்தெழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் தெருவெல்லாம் நிற்கும். வேறு எந்த நாட்டிலும் தோட்டத்து மூலையில் கிடந்து உக்கியிருக்கவேண்டிய வாகனங்கள் எமது நோயாளரையும் அகதிகளையும் ஏற்றி இறக்கின. அந்தக் காலத்தில் கைத்தொழில் பழகிய ஒருவருக்கு, ஓடுகின்ற ஒன்றை நசுக்கக் கொடுப்பது பாவம்போலத்தான் இருக்கும். அதை மகனுக்கு விளங்கப்படுத்துவது கடினம்.

ஆனால் அதே ஊரிலிருந்து அண்ணை இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். இலங்கையில் ‘ஓப்பின் பேப்பர்’ என்று ஒரு முறை உண்டு. வாங்குபவர் பெயரை எழுதாமலே மாற்றல் பத்திரத்தில் கையெழுத்தை மட்டும் வைத்து, வாகனத்தையும் திறப்பையும் கொடுத்துவிடுவது. அந்தப் பத்திரம் பிறகு மூன்று நான்கு கைகள் மாறும். பதிவில் மட்டும் முதல் ஆளின் பெயர் நிற்கும். யேர்மனியில் இப்படி நடந்தால் என்ன நடக்கும்?

விளம்பரம் போட்டு அடுத்த நாளே முதலாவது ஆள் வந்தார். வருமுன்னரே தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி, “கடைசி விலை என்ன?” வாகனத்தை இரண்டு நிமிடம் சுற்றிப் பார்த்தார், காசை எடுத்து எண்ணினார். எழுத்தில் எதுவும் வேண்டாம், இலக்கத்தகட்டோடு அப்படியே கொண்டுபோகிறேன், பதிவை நாளைக்கு நானே வெட்டுகிறேன் என்றார். ஏற்றுமதிக்குப் போகும் வாகனம், நீங்கள் எதற்கும் கவலைப்படத் தேவையில்லை என்றும் சொன்னார். அண்ணைக்குப் பிடித்துப்போயிற்று. காசு கையில், ஆள் அவசரத்தில், வழமையான வியாபாரம். “தம்பி, விடு. பேப்பரில கையெழுத்து வைச்சுக் குடுத்தால் அவன் பாத்துக்கொள்ளுவான்” என்று என்னிடம் சொன்னார்.

அந்த மனிதர் நேர்மையானவராகவே இருந்திருக்கலாம். பழைய ட்றான்ஸ்போட்டர்கள் ஏராளமாகக் கப்பலேறி வெளிநாடு போவதும் உண்மைதான். ஆனால் பதிவு வெட்டப்படும் வரை, அல்லது விற்றுவிட்டதாக நீங்கள் அறிவிக்கும் வரை, இந்த நாட்டின் ஏடுகளில் அந்த வாகனம் உங்களுடையது. வாகன வரி உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே போகும். கமராவில் பிடிபட்டால் கடிதம் உங்கள் தபால்பெட்டிக்கே வரும். காப்புறுதி, வாகனத்தோடு வாங்குபவருக்கு மாறிவிடும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நடப்புக் காலத்துக்கான கட்டணத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. அவர் போகும் வழியில் ஒருவரை இடித்தால், அது விற்பதற்கு முன் நடந்ததா பின் நடந்ததா என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. இதனால்தான் இங்குள்ள ஒப்பந்தப் படிவங்களில் திகதியோடு மணித்தியாலமும் நிமிடமும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். வாகனம் கைமாறிய நேரத்தை எழுதுங்கள். அந்த வரி ஒன்றே பல வருடக் காப்புறுதிச் சலுகையைக் காப்பாற்றும்.

அண்ணையைச் சமாளித்து அந்த வியாபாரத்தை நிறுத்த எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. போனவர் திரும்பி வரவில்லை. அண்ணை இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவுமில்லை.

அடுத்து வந்த பிரச்சினை இன்னும் நுணுக்கமானது. விளம்பரத்தில் என்ன எழுதுவது? அண்ணை சொன்ன வாசகம் இது: “நல்லா ஓடும், என்ஜின் திறம், கறள் கொஞ்சம்.” வாயால் சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்தில் வந்தால் ஒவ்வொரு சொல்லும் வாக்குறுதியாகிவிடும். ‘ஃபார்பறைற்’ என்று யேர்மன் மொழியில் எழுதுவோம், ஓட்டத் தயாரானது என்று பொருள். வாகனம் ஏதோ ஒருவகையில் நகரும் என்பது மட்டும் அதன் கருத்தல்ல. கைமாறும் நேரத்தில் வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்தான பழுது இல்லை என்றே நீதிமன்றங்கள் அதற்குப் பொருள் கொண்டிருக்கின்றன. பிறேக் குழாய் உக்கியிருக்கும் வாகனத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டால் வில்லங்கம் அங்கேயே தொடங்குகிறது.

‘எச்’ என்ற எழுத்தும் அப்படித்தான். ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2005 இல் ஒருவர் பழைய மேர்சிடிஸ் 280 எஸ்இ ஒன்றை வியாபாரி ஒருவரிடம் 17,900 யூரோவுக்கு வாங்கினார். பழம்பெரும் வாகனம் என்ற தகுதிச் சான்று உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. பின்னர் பார்த்தால் உள்ளுக்குள்ளே பெருங்கறள், அதன்மேல் ஒட்டுவேலை. திருத்துவதற்கு வாங்கிய விலையை விட மிக அதிகமான தொகை தேவைப்பட்டது. வழக்கு கார்ல்ஸ்றூவவில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 இல் அந்த நீதிமன்றம், அப்படி எழுதினால் சான்றிதழ் என்ற கடதாசியை மட்டும் விற்றதாகாது, அந்தச் சான்றிதழுக்குத் தகுதியான நிலையில் உள்ள வாகனத்தை விற்றதாகவே பொருள் என்று கூறியது. ஆகையால் ‘எச்’ எடுக்கலாம், எடுக்க வாய்ப்பிருக்கிறது என்றெல்லாம் ஆசை காட்டி எழுதாதீர்கள். பரிசோதகர் பார்த்துச் சொல்லட்டும்.

அண்ணையின் வாகனத்துக்கு ‘எச்’ தேவையா என்பதே கேள்வி. ‘எச்’ உள்ள வாகனத்துக்கு வருடத்துக்கு 191.73 யூரோ நிலையான வரி. பழைய டீசல் கார் வைத்திருப்பவருக்கு இது பெரிய இலாபம். ஆனால் பிக்கப் லொறியாகப் பதியப்பட்டிருந்தால் வரி எடையைப் பொறுத்தது. 2600 கிலோ வரையுள்ள பழைய லொறிக்கு அது ஏறத்தாழ 150 யூரோதான் வரும். அப்படிப் பார்த்தால் மரியாதை எழுத்து வாங்கி வரியையும் கூட்டிக்கொள்வதாக முடியும். இலாபம் வேறிடத்தில் இருக்கிறது. மூனிக் நகரின் சுற்றாடல் வலயத்துக்குள் பச்சை ஒட்டுத்தாள் இல்லாத வாகனங்கள் 2012 முதல் நுழையமுடியாது. ‘எச்’ தகடு உள்ளவற்றுக்கு அந்த ஒட்டுத்தாள் தேவையில்லை. கார்ஹிங் அந்த வலயத்துக்கு வெளியே இருப்பதால் அண்ணைக்கு இது தலையிடியாக இருக்கவில்லை. வாங்குபவருக்கு இருக்கலாம். அதைக் கேட்டறிந்து சொல்வது மரியாதை.

பழைய வாகனங்களின் நிலைக்கு இங்கே புள்ளி போடுகிறார்கள், 1 முதல் 5 வரை. இங்கு 1 தான் சிறந்தது, 5 கடைசி. பிள்ளைகளின் பாடசாலைப் பெறுபேறும் இதே திசையில்தான் போகிறது. நூற்றுக்கு எத்தனை என்று வளர்ந்த எமக்கு முதலில் பிள்ளை 5 வாங்கினால் சந்தோசப்படத் தோன்றும்! அண்ணையின் பிக்கப் 4 என்ற கணக்கு. பாவிக்கப்பட்டு உழைத்துக் களைத்தது, திருத்தவேலை உண்டு, ஆனால் சில்லில் நிற்கிறது. இப்படியானதை 3 என்று எழுதி விலை கேட்பவர்கள் இருக்கிறார்கள். வந்து பார்ப்பவர் இந்த வகை வாகனத்தை அறிந்தவர் என்றால் ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு போய்விடுவார். மூன்றாம் தலைமுறை ட்றான்ஸ்போட்டருக்குக் கறள் எங்கே பிடிக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்: தகடுகள் பொருந்தும் நீண்ட பொருத்துக்கள், முன் கண்ணாடி இறப்பருக்குக் கீழே, சில்லு மடல்கள், படிப்பகுதி. என்ஜின் பின்னுக்கும் றேடியேற்றர் முன்னுக்கும் இருப்பதால் வாகனத்தின் அடியால் நீளமாக ஓடும் தண்ணீர்க் குழாய்களையும் தொட்டுப் பார்ப்பார்கள்.

எம்மவர் சிலர் விற்பதற்கு முன் செய்யும் ஒரு வேலையையும் சொல்லவேண்டும். கறுத்த தார் மருந்தை வாங்கி அடிப்பகுதி முழுவதும் பூசிவிடுவது. பளபளவென்று இருக்கும். கறளைச் சுரண்டி எடுத்துச் செப்பனிட்டுப் பூசினால் அது பராமரிப்பு. கறளின் மேலே அப்படியே பூசினால் அது மறைப்பு. தனிப்பட்ட ஒருவர் விற்கும்போது தனக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தெரிந்த குறையை வேண்டுமென்றே மறைத்தவருக்கு அந்த வரி எந்தப் பாதுகாப்பையும் தராது. அண்ணையும் ஒரு பேணி தார் மருந்து வாங்கி வைத்திருந்தார். அது இன்னமும் உடைக்கப்படாமல் நிலவறையில் இருக்கிறது.

இன்னொரு வரியை எல்லோரும் நம்புகிறார்கள்: “கண்டபடி வாங்கியது.” யேர்மன் மொழியில் ‘ககௌஃப்ற் வீ கசேஎன்’. இதை எழுதிவிட்டால் தப்பிவிட்டோம் என்று நினைப்பு. 2017 இல் ஓல்டன்பூர்க் மேல் நீதிமன்றம் இதற்கு ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு பெண் தனியாரிடம் பழைய பேஜோ கார் வாங்கினார். பிறகுதான் அதற்கு முன்னர் பெரிய விபத்துச் சேதம் இருந்தது தெரியவந்தது. விற்றவரோ தனக்கு அது தெரியாது என்றார். நீதிமன்றம், ‘கண்டபடி’ என்றால் நிபுணத்துவம் இல்லாத சாதாரண மனிதர் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய குறைகளுக்கு மட்டுமே பொருந்தும், மறைந்திருக்கும் குறைக்குப் பொருந்தாது என்றது. விற்றவர் வாகனத்தைத் திருப்பி எடுக்கவேண்டியதாயிற்று. பொறுப்பை விலக்கும் முழுமையான வாசகம் இல்லாவிட்டால் தனியார் விற்பனையிலும் பொருட்குறைக்கு இரண்டு வருடம் பொறுப்பு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ஆகவே வெள்ளைத்தாளில் நீங்களாக எழுதாதீர்கள். ஏடிஏசி என்ற வாகன ஓட்டுநர் சங்கம் வெளியிடும் தனியார் விற்பனைப் படிவத்தை எடுத்து நிரப்புங்கள். அதில் சரியான வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டு பிரதிகள், இரண்டிலும் இரு கையெழுத்து.

படிவத்தில் குறைகளை எழுதும் பகுதிதான் அண்ணையை அதிகம் வாட்டியது. “குறையை எல்லாம் நானே எழுதிக் குடுத்தால் எந்த விசரன் வாங்குவான்?” என்று கேட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “வாங்கிற அண்டைக்கு அந்தக் கட்டிடக்காரன் உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லித்தானே தந்தவன். அதாலதானே இத்தனை வருசம் ஓடினது” என்றார். அதற்கு அண்ணையிடம் பதிலில்லை. பேனையை எடுத்தோம்.

சட்டத்தில் ஒரு நல்ல விடயம் இருக்கிறது. வாங்கும்போது தெரிந்திருந்த குறையைக் காட்டி வாங்கியவர் பின்னர் உரிமை கோரமுடியாது. நீங்கள் எழுதிக்கொடுக்கும் ஒவ்வொரு குறையும் உங்கள் தோளில் இருந்து இறங்கி அவர் தோளுக்குப் போகிறது. இப்படி நினைத்துக்கொண்டால் எழுதுவது இலகுவாகிவிடும். சாரதிப் பக்கப் படியில் துவாரம், வலது பொருத்தில் கறள், சாமான் மேடையின் பின்கதவு வளைந்தது, எண்ணெய் கசிவு, மூன்றாம் கியர் குளிரில் சத்தம், வெப்பமூட்டி ஒரு வேகத்தில் மட்டும் வேலை செய்யும். அண்ணைக்கு ஒரு கட்டத்தில் உற்சாகமே வந்துவிட்டது. மறந்துபோன குறைகளை எல்லாம் அவரே கீழே போய்ப் பார்த்து வந்து சொன்னார். பதினொன்று வந்தது.

கிலோமீற்றரை எழுதும்போதும் கவனம். பழைய வாகனங்கள் பலவற்றில் ஐந்து இலக்கங்கள்தான் உண்டு, இலட்சத்தைத் தாண்டினால் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ‘மானி காட்டுவது இவ்வளவு’ என்று எழுதுங்கள். ‘ஓடியது இவ்வளவு’ என்று எழுதாதீர்கள். அதேபோல உங்கள் கைக்கு வருமுன் விபத்து நடந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் காலத்தில் இல்லை என்பதையும், அதற்கு முன்னையது முந்திய உரிமையாளர் சொன்னபடி என்பதையும் பிரித்து எழுதவேண்டும்.

இரண்டாவதாக வந்தவர் பூந்தோட்ட வேலை செய்யும் ஓர் இளைஞர். அண்ணை முதல்நாளே என்ஜினைச் சூடாக்கி வைக்க விரும்பினார். வேண்டாம் என்று நிறுத்தினோம். டீசல் வாகனம் வாங்க வருபவர் முதலில் கையை வைத்து என்ஜின் குளிராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். சூடாக இருந்தால் சந்தேகம் பிறந்துவிடும். அந்த இளைஞரும் அப்படியே செய்தார். குளிரில் திறப்பைத் திருப்பி, சூடேற்றும் விளக்கு அணையும் வரை பொறுத்து, இரண்டாம் முறையில் எழுந்தது. புகை கொஞ்சம் வந்தது. அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஓட்டிப் பார்க்கக் கொடுப்பதற்கு முன் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இதைப் புதிதாக வந்தவர்கள் அழுத்தமாக மனதில் வைக்கவேண்டும். இலங்கை அல்லது இந்திய லைசன்ஸ் இங்கு வதிவிடம் எடுத்து ஆறு மாதங்கள் வரைதான் செல்லும். அதன் பின்னர் எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் சித்தியடைந்தால்தான் யேர்மன் லைசன்ஸ். ஊரில் இருபது வருடம் லொறி ஓட்டியவர் என்றாலும் விதிவிலக்கில்லை. எங்கள் ஆள்தானே, சும்மா ஒரு சுற்றுத்தானே என்று திறப்பைக் கொடுத்தால், ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட விட்ட பதிவுக்காரரும் குற்றவாளி. இது அபராதத்துண்டோடு முடியும் விடயமல்ல, குற்றவியல் சட்டத்துக்குள் வருவது. ஒரு வெளிநாட்டவர்மீது குற்றவியல் விசாரணை தொடங்கினால் அதை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு சுற்று ஓட்டம் எவ்வளவு செலவாகக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2005 ஒக்ரோபர் முதல் பதிவுச் சான்றிதழ் பகுதி 1, பகுதி 2 என்று இரண்டு. பழையவர்கள் இன்றும் ‘ஷைன்’, ‘பிறீஃப்’ என்றே சொல்வார்கள். பகுதி 2 வைத்திருப்பவர்தான் சொந்தக்காரர் என்று எம்மவர் நினைக்கிறார்கள். அந்தச் சான்றிதழிலேயே, இது உரிமையாளரை நிரூபிப்பதல்ல என்ற பொருளில் வாசகம் உண்டு. காப்புறுதி மலிவென்று மைத்துனர் பெயரிலோ சகலன் பெயரிலோ வாகனத்தைப் பதிந்து வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் அகப்படுவார்கள். விற்கும் நாளில் மைத்துனரோடு மனத்தாங்கல் என்றால் கதை கந்தல். நீங்கள் வாங்கிய ஒப்பந்தத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், பதிவில் உள்ளவரிடம் எழுத்தில் சம்மதம் எடுங்கள். வாகனம் கடைக் கணக்கில் இருந்தால் விடயமே வேறு. வியாபாரியாக விற்பவர் தனிப்பட்ட பாவனையாளருக்கு எதிராகப் பொறுப்பை முழுமையாக விலக்கிக்கொள்ள முடியாது. கணக்காளரிடம் கேட்காமல் விற்கவேண்டாம். ஜொப்சென்ரர் அல்லது சமூகநல அலுவலக உதவியில் இருப்பவர்கள் விற்பனையை அறிவித்து ஒப்பந்தத்தின் பிரதியையும் கொடுங்கள். கணக்கில் திடீரென விழும் பணத்துக்குக் கேள்வி வருமுன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

காசை எண்ணி வாங்குவதாயின் வங்கிக்குள் வைத்து வாங்குங்கள். நோட்டு நல்லதா என்று அங்கேயே பார்ப்பார்கள். 10,000 யூரோவுக்கு மேல் ரொக்கமாக வங்கியில் போட்டால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், ஒப்பந்தம்தான் பதில். இப்போது உடனடிப் பணமாற்றமும் இருக்கிறது. யூரோ நாடுகளின் வங்கிகள் 2025 ஒக்ரோபர் முதல் அதைச் சாதாரண மாற்றத்துக்குரிய கட்டணத்திலேயே தரவேண்டும். ஆனால் வாங்குபவரின் தொலைபேசியில் ‘அனுப்பியாயிற்று’ என்று காட்டுவதை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் விழுந்ததை உங்கள் கண்ணால் பாருங்கள். அதுவரை திறப்பும் பகுதி 2 உம் உங்கள் கையில்.

அந்த இளைஞர் பதினொரு குறைகளையும் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். பிறகு கீழே படுத்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். எழுந்து வந்து, நான் பயந்ததை விடக் குறைவு என்றார். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், அண்ணை கொஞ்சம் இறங்கினார். எவ்வளவு என்று எழுதவேண்டாம் என்பதும் அண்ணையின் வேண்டுகோள். முதலாவது ஆள் எண்ணிய காசை விட அது குறைவல்ல என்று மட்டும் சொல்லலாம்.

பதிவை வெட்டுவது அண்ணையின் வேலையாக இருந்தது. ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்துகிறேன். கார்ஹிங்கில் உள்ள வாகனங்களுக்கும் மூனிக் நகர வாகனங்களுக்கும் ஒரே ‘எம்’ எழுத்துத்தான். ஆனால் கார்ஹிங் நகரத்துக்குள் அடங்காது, மூனிக் மாவட்டத்துக்குள் அடங்கும். மாவட்டத்தின் வாகனப் பதிவு அலுவலகம் கிறாஸ்புறுன்னில் இருக்கிறது. பதிவை வெட்டுவதற்கு மட்டும் யேர்மனியில் எந்தப் பதிவு அலுவலகத்துக்கும் போகலாம். 2015 சனவரிக்குப் பின் பதிந்த வாகனங்களுக்குச் சான்றிதழிலும் தகட்டிலும் மறைகுறிகள் உண்டு, அவற்றைச் சுரண்டி எடுத்து வீட்டிலிருந்தே கணினியில் வெட்டலாம். அண்ணையின் பதிவு 1999 ஆம் ஆண்டினது. தகடுகளைக் கழற்றிக்கொண்டு நேரே போனார்.

பதிவு வெட்டிய வாகனத்தை வாங்கியவர் வீதியில் ஓட்டமுடியாது. இழுவை வண்டியில் ஏற்றவேண்டும், அல்லது ஐந்து நாள் தற்காலிகத் தகடு எடுத்து வரவேண்டும். ரியூவ் பரிசோதனை காலாவதியாகி இருந்தால் அந்தத் தகட்டிலும் அருகிலுள்ள பரிசோதனை நிலையம் போன்ற இடங்களுக்குத்தான் போகலாம். இதெல்லாம் வாங்குபவருக்குத் தொந்தரவு என்பதால், பதிவோடே கொண்டுபோக விடுங்கள் என்று கேட்பார்கள். மிகவும் நம்பிக்கையானவர் என்றால் விடலாம். விட்டால் அன்றைக்கே விற்பனை அறிவித்தலை நிரப்பி, வாங்கியவரின் பெயர், முகவரி, பத்திரங்களைப் பெற்றுக்கொண்டதற்கான அவரது கையெழுத்து ஆகியவற்றோடு பதிவு அலுவலகத்துக்கும், பிரதியைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் அனுப்பவேண்டும். அந்த அறிவித்தல் படிவம் ஒப்பந்தத்தோடு சேர்ந்தே வருகிறது. பலர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள்.

இளைஞர் சனிக்கிழமை இழுவை வண்டியோடு வந்தார். ஏற்றுமுன் அண்ணை மேடைக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, அவர் சேர்த்து வைத்திருந்த மாற்று உறுப்புகள், பழைய வேலைத்தலப் பற்றுச்சீட்டுகள், கயிறு எல்லாவற்றையும் கொடுத்தார். பற்றுச்சீட்டுகளை எறியாமல் வைத்திருங்கள், வாங்குபவர் அவற்றைத்தான் முதலில் விரும்பிப் பார்ப்பார். ஒப்பந்தத்தில் 10 மணி 40 நிமிடம் என்று எழுதினோம்.

வாகன வரியை 2014 இலிருந்து சுங்கத் திணைக்களமே அறவிடுகிறது. பதிவு வெட்டிய தகவல் தானாக அங்கே போகும். கூடுதலாகக் கட்டிய மீதி வரியை, அவர்களிடம் இருக்கும் வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள். வங்கி மாறியிருந்தால் அதை முன்னரே அறிவித்துவிடுங்கள். அண்ணைக்கு மூன்று கிழமையில் வந்தது. காப்புறுதியின் மீதிக்கு அவர் இன்னும் காத்திருக்கிறார்.